நாலரைத் தலை மலை

எனக்குக் கோபம் வந்தால் வேகமாகத் தட்டச்சு செய்வேன். அன்று காலை வேங்கிக்காலில் எங்கள் கிரிவல உதவி மையத்தில் நான் தட்டிய தட்டுக்குக் கீபோர்டு உடையாமல் இருந்ததே பெரிய விஷயம். காரணம், எங்கள் மேலாளர் மூர்த்தி. அட்டவணையில் ஒரு வரிகூடக் காலியாக இருக்கக் கூடாதாம். பத்து மணிக்குள் ஆம்புலன்ஸ்காரர்களுக்கு அனுப்பியாக வேண்டுமாம்.

அட்டவணை இதுதான். இடப்பக்கம், மலை சுற்ற வருகிறவர்கள் போனில் எங்களிடம் சொல்லும் இடங்கள். ‘மோர்ப்பந்தல் தாண்டி’, ‘மயில் நிக்கிற மதில்’ என்று ஐந்து வருட அழைப்புகளைக் கேட்டுச் சேர்த்தவை. வலப்பக்கம், வண்டிகளின் வரைபடத்துக்குத் தெரிந்த ஒரே மொழி, விளக்குக் கம்பத்தின் எண். இரண்டுக்கும் என்ன உறவு என்று நடுவில் நான் போட வேண்டும். சமம், கிட்டத்தட்ட, அதைவிடப் பெரிது, அதைவிடச் சிறிது. நாலே வார்த்தை, நானூறு வரி, நான் ஒருத்தி.

‘மலை அஞ்சாத் தெரியற இடம்’ என்ற வரி வந்தது. சந்திர லிங்கத்தைத் தாண்டி நடந்தால் மலை ஐந்து தலையாக விரியும். சரி, எந்தக் கம்பத்தில்? யாருக்குத் தெரியும்! ‘கம்பம் 88, சமம்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

ஒன்பது இருபதுக்குப் போன் அடித்தது.

“அக்கா, எம்பேரு நந்தினி. அடி அண்ணாமலை கோயில்ல மணமேடையில உக்காந்துட்டுப் பேசறேன். எங்க தாய்மாமனைக் காணோம்க்கா. தாலி அவருகிட்டதான் இருக்குது.”

கல்யாணப் பெண்ணே போன் செய்வது இதுதான் முதல் தடவை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது மாமா சகாதேவன் வேண்டிக்கொண்டாராம், இவள் தாலியை மடியில் கட்டிக்கொண்டு மலை சுற்றும் வழியில் மணமேடைக்கு வந்து கொடுப்பதாக. விடியற்காலை கிளம்பியவர் பாதி வழியில் இந்தக் கோயிலுக்குள் திரும்ப வேண்டியது. ஜபத்தில் மூழ்கித் திருப்பத்தை விட்டுவிட்டார். முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது.

“மாப்ள வீட்டுல மஞ்சக் கிழங்கைக் கட்டிடலாம்னு சொல்றாங்க. இருபது வருச வேண்டுதல்க்கா. அவரு இல்லாம கழுத்த நீட்டிட்டு அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?” குரல் உடைந்துவிட்டது.

“அழாத, மையெல்லாம் கரையும். அவர் எங்க இருக்காராம்?”

“மலை அஞ்சாத் தெரியுதுன்னு சொன்னாரு.”

கம்பம் 88. எங்கள் ரோந்து பைக்கில் இருந்த மணிவேலை உடனே அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவனிடமிருந்து பதில் வந்தது. “இங்க ஒரு ஈ காக்கா இல்லீங்க.”

ஊர் சொல்லும் அந்த இடம் ஒரு கம்பமா என்ன? மலை மடங்கி மடங்கி விரிகிற ஒரு நீளம், 84 முதல் 92 வரை இருக்கும். நேரமில்லை என்று நான்தான் அதை ஒரே கம்பத்தில் கட்டிப்போட்டேன். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மாமாவையும் லைனில் சேர்க்கச் சொன்னேன்.

“ஐயா, கம்பத்துல நம்பர் இருக்கும், படிங்க.”

“கண்ணாடிய மண்டபத்துலயே வெச்சிட்டேம்மா.”

“பக்கத்துல யார்கிட்டயாவது போனைக் குடுங்க.”

“ஒரு கொரங்குதான் இருக்குது. குடுக்கட்டுமா?”

பல்லைக் கடித்தேன். “மலைய நல்லாப் பாருங்க. அஞ்சு தலையும் முழுசாத் தெரியுதா?”

அவர் நிதானமாக எண்ணினார். எனக்குக் கடிகாரம்தான் தெரிந்தது. “நாலு நல்லாக் கீது. ஒண்ணு பாதி ஒளிஞ்சிருக்குது. நாலரைன்னு வெச்சிக்க.”

நாலரை! அப்படியென்றால் ஐந்தாவது தலை அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. நீளத்தின் ஆரம்பம். “மணிவேல், பின்னாடி வா, 84, 85!” என்று கத்தினேன். ஒன்பது ஐம்பதுக்கு ஆள் கிடைத்தார், கம்பம் 85-க்கு எதிரே, வேப்பமரத்துப் பிள்ளையார் பக்கத்தில். நந்தினி சிரித்தது எனக்குக் கேட்டது.

அந்தச் சிரிப்பு அரை நிமிடம்கூட நிற்கவில்லை. மணிவேல் சொன்னான்: “வண்டியில ஏற மாட்டேங்கறாருங்க. மலைய எடமாத் திரும்பி வரக் கூடாதாம். அப்படியே முழுசாச் சுத்தித்தான் வருவாராம்.”

முழுசாகச் சுற்றினால் மத்தியானம் ஆகும். மூர்த்தி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். “பத்தாகப் போகுது எழிலரசி, அட்டவணை?”

“சும்மா இருங்க சார்!” என்றேன். வேலை போனால் போகட்டும். திரையில் 85-ஐயும் கோயிலையும் மாறி மாறிப் பார்த்தேன். அட, அவர் பின்னால் வரக் கூடாது, சரி. இவர்கள் முன்னால் போகலாமே!

“நந்தினி, எழுந்திரு. கோயிலுக்கு வெளிய வந்து வலமா வண்டிய விடச் சொல்லு. அது கிரிவலம் போற வழிதான், ஒரு குத்தமும் இல்ல. பிள்ளையார் முன்னாடி கட்டிக்க.”

எதிர்முனையில் சலசலப்பு. மாப்பிள்ளை இளவரசன் குரல் தெளிவாகக் கேட்டது. “பிள்ளையாரும் சாமிதான? ஏறு நந்தினி!” அவன் பைக்கில் இருவரும், ஆட்டோவில் ஐயர், குட்டியானை வண்டியில் மேளக்காரர்கள். என்னை லைனிலேயே இருக்கச் சொன்னாள் அவள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பத்து இருபத்திரண்டு. “மாமா!” என்று அவள் கூவியது, அவர் மூக்கை உறிஞ்சியது, பிறகு கெட்டிமேளம். போன் கிழிந்துவிடும் போல முழங்கியது. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தலையில் ஏதோ விழுந்தது. நிமிர்ந்தால், மூர்த்தி பஞ்சிங் மெஷினைக் கவிழ்த்து, வெள்ளைக் காகிதத் துணுக்குகளை அட்சதையாகத் தூவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, மாமா மீதி மலையச் சுத்தக் கிளம்பிட்டாரு. நாங்களும் அவரு கூட நடக்கறோம்!” என்று சொல்லிப் போனை வைத்தாள் நந்தினி.

மூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சாயங்காலம் அனுப்பலாம். தெரியாதது காலியாவே இருக்கட்டும்” என்றார். நான் ‘மலை அஞ்சாத் தெரியற இடம்’ என்ற வரிக்குப் போய்க் ‘கம்பம் 88, சமம்’ என்பதை அழித்து, ‘கம்பம் 84 முதல் 92 வரை, கிட்டத்தட்ட’ என்று திருத்தினேன். அதன் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தேன்.

மலை நாலரையாகத் தெரியற இடம். கம்பம் 85. சொன்னவர், சகாதேவன். நடுவில், இந்த முறை கை கூசாமல், ‘சமம்’ என்று போட்டேன்.