நீக்கிய வரி

"முதல்ல எழுதினதை மட்டும் தருவாரா, இல்ல கடைசி வரைக்கும் படிப்பாராப்பா?"

ஆறு வயதில், கிரேக்கப் பிள்ளைகளுக்குப் புத்தாண்டுப் பரிசு கொண்டுவரும் புனித பசிலியாருக்குக் கடிதம் எழுதியபோது தெக்லா அப்பாவிடம் கேட்ட கேள்வி அது. "எது வேணுமோ அதை முதல்ல எழுதும்மா. மத்ததை அவர் பார்த்துப்பார்" என்றார் அப்பா.

அந்த அப்பா, அவளுடைய பள்ளி இறுதி வருடமான இந்த வருடம், ஈஸ்டர் முடிந்த வாரத்தில் இறந்துபோனார். ஜூனில் தேர்வு. இப்போது ஜூலை, மதிப்பெண்ணும் வந்தாயிற்று. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று வரிசையாகப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கணினியில் அனுப்ப வேண்டும். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, மதிப்பெண் எட்டுகிற முதல் இடத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

தெக்லாவின் மனது, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல் மரத்துக் கிடந்தது. முதல் வரியில் சொந்த ஊரான வோலோஸின் மழலையர் கல்வியைப் போட்டாள். மூன்று வருடமாக ஆசைப்பட்ட லாமியா இயன்முறை மருத்துவம் இரண்டாவது. கடைசியில் மறுபடி மழலையர் கல்வி, வடக்கே பனி கொட்டும் ஃப்ளோரினாவில்.

அம்மா ஃபொதினி தக்காளிக்குள் அரிசியை அடைத்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"லாமியாவை ஏன்டி கீழ தள்ளினே?"

"போன வருஷம் கடைசியா சேர்ந்தவங்களை விட எனக்குக் கொஞ்சம்தான் ஜாஸ்தி. முதல்ல போட்டு கிடைக்கலேன்னா அந்த வரி வீண்."

"ஊரே இப்படித்தான் பயந்து தப்பா போடுது. வீணாகாதுன்னு உனக்குத் தெரியும்."

"நீ தனியா இருப்பியேம்மா."

"உங்க அத்தை தினம் வந்து என் காபியைக் குடிச்சிட்டு, என் பால்கனிச் செடியைக் குறை சொல்லிட்டுப் போறா. எங்கடி தனியா இருக்க விடறா? மேல போடு."

சிரிக்க வேண்டிய இடம். தெக்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. லாமியாவை மேலே ஏற்றினாள்.

மாலையில் அம்மா தக்காளியை அடுப்பில் வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பியதும், வகுப்புத் தோழி மிர்சினி வந்தாள்.

"போன வருஷம் கடைசியா சேர்ந்தவங்களை விட நாப்பது பாயிண்ட் குறையுது. மழலையர் கல்வி, வோலோஸ். கிடைச்சா அது, இல்லேன்னா மாமா பேக்கரியில தட்டு கழுவறது. வெளியூர்ல வாடகை கட்ட முடியாதுன்னு அப்பா சொல்லிட்டார்" என்றாள். "பிள்ளைங்களை மேய்க்கறதுக்குப் பதிலா பன்னை மேய்ப்பேன். பன் அழாது."

"நீ எப்பவோ டீச்சர்தான்" என்றாள் தெக்லா.

அப்பா மருத்துவமனையில் கிடந்த ஆறு வாரமும் மிர்சினி தினம் வந்தாள். நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அன்றன்றைய உயிரியலைச் சொல்லிக் கொடுத்தாள். அவள் தனக்காகப் படித்திருக்க வேண்டிய மாலைகள் அவை. அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. கணக்கு வைத்தவளாகவே தெரியவில்லை.

மிர்சினி போனபின் தெக்லா பட்டியலைத் திறந்தாள். லாமியா, வோலோஸ், ஃப்ளோரினா. லாமியா தவறினால் வோலோஸ் நிச்சயம். அந்த ஓர் இடம் மிர்சினியுடையதாகவும் இருக்கலாம்.

வோலோஸை நீக்கினாள். ஃப்ளோரினா ஒரு வரி மேலே ஏறி நின்றது. பட்டியலை அனுப்பிவிட்டு, தக்காளி அடிப்பிடிக்காமல் இருக்க அடுப்பை அணைத்தாள்.