மேற்குச் சன்னல்

உபகாரம் கொடைக்கானலில் ஒரு சிறிய கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர். ஆய்வகத்தைத் திறந்ததும் மேற்குச் சன்னலை அகலத் திறந்து வைப்பது அவர் வழக்கம். அறைக்குள் மேகம் வந்து போனால்தான் தமக்கு மூச்சு ஓடும் என்பார். பேசுமுன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். துடைத்த பின்னரும் பல வேளைகளில் பேசாதிருந்துவிடுவார்.

1986ஆம் ஆண்டு அவர் மேசைமேல் ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. அதன்மேல் மெல்லிய படலம்; படலத்தில் கண்ணுக்குப் புலப்படாத நுண்வரிகள். லேசரின் சிவப்பொளி ஒரே ஒரு கோணத்தில்தான் அவ்வரிகள் வழியே படலத்துள் புகும். புகுந்தால் தகட்டின் ஓரம் சிவந்து ஒளிரும். பூச்சிமருந்து சிறிதளவு ஒட்டினாலும் கோணம் பிசகி, ஓரம் இருண்டுவிடும் என்பது அவர் கணக்கு.

பேத்துப்பாறைக் கிராமத்தில், பூச்சிமருந்து அடிக்கும் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குக் கீழே ஒரு பொதுக்கிணறு. அதன் நீரைக் குடித்தவர்களில் ராக்கன் என்பவன் கைகால் நடுங்கிப் படுத்த படுக்கையாகிவிட்டான். மதுரை ஆய்வகத்துக்கு அனுப்பிய நீரில் குற்றமில்லை என்று பதில் வந்தது. ஆகவே அவன் மனைவி நாச்சியம்மாள் கூலிவேலை முடிந்த பிற்பகல்களில் கிணற்று நீரைப் புட்டியில் உபகாரத்திடம் கொண்டுவந்தாள். அவர் தகட்டை அதில் தோய்த்து, அலசி, உலர்த்தினார். ஒவ்வொரு முறையும் ஓரம் இருண்டது. காலை வேளைகளில் தூய நீரில் தோய்த்த தகடோ சிவப்பாகவே நின்றது. அதை நம்பியே சுகாதார அதிகாரி சுப்புராஜை அன்று பிற்பகல் வரவழைத்திருந்தார்.

அதிகாரி வருமுன் நாச்சியம்மாள் வந்துவிட்டாள். அவள் கொண்டுவந்த புட்டியின் மூடியைக்கூட உபகாரம் இன்னும் திறக்கவில்லை. மேகம் இறங்கிச் சன்னல் வழியே புகுந்தது. தகட்டின் ஓரம் மெல்ல இருண்டது.

உபகாரம் சன்னலைச் சாத்திக் கணப்படுப்பை மூட்டினார். சிவப்பு திரும்பிற்று. கிணற்று நீரில் தோய்த்து உலர்த்திப் பார்த்தார். சிவப்பு அப்படியே நின்றது. காலைகளில் வானம் தெளிந்திருந்தது, பிற்பகல்களில் மேகம். தாம் அளந்ததெல்லாம் மேகத்தின் ஈரத்தைத்தான். தகடு நஞ்சை உணரும் என்பது அவர் கணக்கே தவிர, சோதித்து உறுதி செய்ததில்லை; ஆகவே நீரில் நஞ்சு இல்லையென்று இது பொருள்படாது. உண்டென்று காட்டவும் இனி வழியில்லை.

நாச்சியம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தாள்.

"தெறந்தே கெடக்கட்டும் சார். வாரவுகளுக்கு என்ன தெரியப்போகுது?"

"அது பொய்ம்மா."

"எங்க வீட்டுக்காரவுக கை நடுங்குறது பொய்யா சார்? கஞ்சிய வாயிக்குக் கொண்டுபோக முடியலை. கெணத்த மூடுனாத்தான லாரியில தண்ணி விடுவாக? இந்த அதிகாரியும் சும்மா திரும்பிப் போனா இனி யாரு சார் வருவா?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

வாசலில் செருப்பொலி. சுப்புராஜ் கைகளைத் தேய்த்துக்கொண்டே நுழைந்தார். "என்ன வாத்தியாரே, ஊரே குளிர்ல சுருண்டு கெடக்கு, நீங்க சன்னலத் தெறந்துவச்சுட்டு ஒக்காந்திருக்கீங்க! வெரசா காட்டுங்க. விளக்கு அணைஞ்சா கெணத்துக்குப் பூட்டு, அணையலைன்னா ஒங்க கடைக்குப் பூட்டு. சரிதானே?"

நாச்சியம்மாள் சன்னல் கம்பியைப் பற்றியபடி நின்றாள். அவள் தோளைக் கடந்து வெண்மேகம் அறைக்குள் வந்துகொண்டிருந்தது. தகட்டின் ஓரம் மங்கத் தொடங்கியிருந்தது.

உபகாரம் எழுந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றார். "முதல்ல சன்னலைச் சாத்திட்டு வர்றேன்."