ஏழு தரம் கழுவிய சட்டி

சகனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் வாப்பா தொடங்கி எல்லாரும் ஆளுக்கொரு கவளம் வாயில் வைத்த பிறகுதான் அந்தப் பெரிய தட்டின் விளிம்பில் இருந்த நெளிவு என் கண்ணில் பட்டது.

"தின்னாதீங்க!" என்று கத்தினேன்.

என் மச்சினி றஸீனாவைப் பெண் பேசி முடிக்க வந்தவர்கள். கைகள் அந்தரத்தில் நின்றன.

"என்ன, நஞ்சா?" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அவசரத்துக்கு வரவில்லை. "நஞ்சில்ல, நாய்" என்றேன்.

நடந்தது இதுதான். அறுவடைக்காரருக்குச் சோறு கொண்டுபோன அந்த நெளிந்த சகனை, வயல்வட்டையில் என் நாய் நக்கித் துப்புரவாக்கிவிட்டது. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. காத்தான்குடியில் நடை பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். வாய்க்காலில் ஒரு தரம் அலசினேன். மீதி ஆறையும் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று கொண்டுவந்தேன். பிறகு மறந்துபோனேன்.

அன்றைக்கு எங்கள் கிணற்றடியில் ஆறு பெரிய மனிதர் மண்ணும் தண்ணீருமாக வாய் கொப்பளித்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஐந்தாம் தரத்தில் எண்ணிக்கை தவறி, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். நான் சிரித்திருக்கக் கூடாது.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். புருஷன் வந்து சேர்ந்தவன். என் பெண்சாதியின் பெயர் சித்தி நபீஸா. அவள் என்னை ஏசவில்லை. என் சாரன் இரண்டையும் மடித்துக் கையில் தந்தாள். "வட்டைல வேல கிடக்கும்" என்றாள். அறுவடை முடிந்து எட்டு நாளாகியிருந்தது.

தோணி ஏறினேன். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. வீடு சூரியன் எழும் கரையில், வயல் அது படும் கரையில். எனக்குப் பொருத்தமான கரைக்குத்தான் போனேன்.

வயல் வாடியில், அந்தக் காவல் குடிசையில், என்னை எதிர்பார்த்து ஒரு சீவன் இருந்தது, சகனை நக்கிய அதே நாய். திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட அந்தச் சித்திரையில், டவுனில் இருந்த ஒரு துரை குடும்பத்தோடு மலைநாட்டுக்குப் போய்விட்டார். நெல் கொடுக்கப் போன நான், பூட்டிய கேற்றில் கட்டிக் கிடந்த நாயைப் பார்த்தேன். பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு கண் வெள்ளை, மற்றதில் பாதிப் பார்வை. பின்னங்கால் இழுத்தது, உடம்பெல்லாம் சொறி. இருமினால் கிழட்டு லாந்தர் புகைவது போல ஒரு சத்தம். பெயர் தெரியாது. எனக்குத் தெரிந்த வெள்ளைக்காரப் பெயரையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன், மூன்றுதான், ஒன்றுக்கும் திரும்பவில்லை. 'துரை' என்றேன். வாலை ஆட்டியது.

நாய் வைத்திருக்கலாமா என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன். "வயல் காவலுக்கெண்டா நாய் வெச்சிருக்கலாம்" என்றார்.

"இதுக்குக் கண் தெரியாதே லெப்பை."

"அத நான் கேக்கல்ல. நீங்களும் சொல்லல்ல."

துரை காவல் காத்த அழகை என்ன சொல்ல! பன்றி வந்தால் அது என் பின்னால் ஒளியும். நான் அதன் பின்னால் ஒளிவேன். வேப்பெண்ணெயில் கெந்தகம் குழைத்துச் சொறிக்குப் பூசினேன். கஞ்சியை விரலால் மசித்துக் கொடுத்தேன். பல் நாலே நாலு.

பின்னேரங்களில் இரண்டு பேரும் எழுவான்கரையைப் பார்த்துக்கொண்டு இருப்போம். அதற்குக் கண் தெரியாததால் நான் சொல்லுவேன். "அந்தா தென்னந்தோப்பு. பக்கத்தில பள்ளிவாசல். பள்ளிக்கு இடப்பக்கம் எழும்புற மூணாவது புகை எங்கட குசினி. இண்டைக்கு மெல்லிசாத்தான் எழும்புது, ஆணம் இல்ல, சுண்டல்தான்." காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மஃரிபுப் பாங்கு தண்ணீருக்கு மேலால் வரும். பாங்கு முடிந்ததும் நபீஸா கோழிகளைக் கூப்பிடுவாள். அது இங்கே கேட்காது. ஆனாலும் காது கொடுத்திருப்பேன்.

தோணிக்காரன் சரீப் தினமும் பகலைக்கு, மூடி போட்ட பித்தளைச் சட்டியில் சோறு கொண்டுவருவான். அவள் அனுப்புவது. அவனிடமே என் தூதும் போகும்.

"மச்சான், வீட்டுக்குக் காவலுக்கு ஆள் வேணுமா எண்டு கேளு. பல்லு முழுக்க இருக்கு எண்டும் சொல்லு."

மறுநாள் பதில் வரும். "தேங்காய் வெல ஏறிட்டாம்."

"கிழட்டு மாடொண்டு படுவான்கரைல அலையுது, பட்டி உங்கடயா எண்டு கேளு."

"சோத்துக்கு உப்புக் காணுமா எண்டு கேக்கிறா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மச்சான். முகத்தையும் சொல்லட்டா? முகத்தில ஒண்டுமில்ல."

மாப்பிள்ளை வீட்டாரின் கோபம் இரண்டு மாதத்தில் தணிந்தது. றஸீனாவின் கல்யாணமும் நடந்தது. கல்யாணச் சோறு எனக்குத் தோணியில் வந்தது. சகன் சோற்றைத் தனியே உட்கார்ந்து தின்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கறியில் நல்ல துண்டைத் தள்ளிவிட எதிரே ஆள் வேண்டும்.

மாரி வந்தது, வாவி நிரம்பியது. ஒரு நாள் பகலைக்குத் தோணியில் சோற்றுச் சட்டியோடு சித்தி நபீஸாவும் வந்திறங்கினாள். முக்காட்டில் மழைத்துளி. எனக்கு வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

சோற்றை இலையில் கொட்டிவிட்டு, சட்டியை என் முன்னால் சரித்துப் பிடித்தாள். "இதப் பாருங்க. உள்ளுக்கு ஈயப்பூச்சு எல்லாம் போயிட்டு. என்ன செய்யிறீங்க இதுக்கு?"

"கழுவுறன்."

"எத்தின தரம்?"

"ஏழு. ஒருக்கா மண் போட்டு."

"நாய் இதில வாய் வெச்சதா?"

"இல்ல. பக்கத்திலயும் விடுறதில்ல."

"அப்ப என்னத்துக்கு?"

நான் சட்டியை வாங்கிக் கீழே வைத்தேன். அவள் துரையைப் பார்த்தாள். அது எழும்பி, காலை இழுத்து, அவள் நின்ற பக்கத்தைத் தவறவிட்டு, வாடிக் கம்பைப் பார்த்து வாலாட்டியது.

"இதுவா காவல் காக்குது?"

"குருவிக்கு நல்ல பயம்..." என்று தொடங்கினேன்.

"பகிடி விடாமச் சொல்லுங்க."

"கட்டிப்போட்டுட்டுப் போயிட்டாங்க புள்ள. கயிறு கழுத்தில இறுகிக் கிடந்திச்சு. போனவங்கள்ற பக்கம் பாத்தபடியே இருந்திச்சு. எனக்கு விட்டுட்டு வர ஏலாமப் போயிட்டு."

அவள் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். மழைத்துளியாகவும் இருக்கலாம்.

"நாலு மாசமா ஆள் அனுப்பிக் கேட்டனே, நீங்க ஒரு பதில் சொல்லல்லயே" என்றேன்.

"நீங்க எப்ப கேட்டீங்க? மாடு கேட்டிச்சு, காவல்காரன் கேட்டான். நீங்க கேக்கல்ல."

தோணியில் சரீப் துடுப்பைப் பிடித்தபடி வேறெங்கோ பார்த்தான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில், இவ்வளவு சின்னக் கேள்வி இவ்வளவு பாரமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"நபீஸா, நான் வீட்டுக்கு வரட்டா?"

"ஓம், வாங்க" என்றாள். "அதையும் கூட்டிட்டு வாங்க. வேலிக் கரையில கொட்டில் போட்டு ஒரு மாசமாகுது."