கட்டப்பட்ட அல்லது செப்பனிடப்பட்ட

அந்தச் சட்டத்தைக் கெடுத்தது என் வாய்தான். யாரைத் திட்ட ஆரம்பித்தாலும் கடைசியில் என்னிடமே வந்து நிற்கிறது.

நான் வெல்டர். எங்கள் கப்பல் கட்டும் தளம் மூடி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு வேலை தேடி வந்தும் நான் போகவில்லை. என் தங்கை புருஷன் சட்டத் துறையில் தட்டச்சர். பயணிகள் கப்பல் தொழிலுக்கு உயிர் கொடுக்கச் சட்டம் வருகிறது, முதல் கப்பலே உங்கள் தளத்தில்தான் என்று அவர்தான் என்னைப் பிடித்து நிறுத்தினார். வரைவையும் காட்டினார். நம் துறைமுகங்களுக்கிடையே ‘உள்நாட்டில் கட்டப்பட்ட கப்பல்’ மட்டுமே ஓடலாம் என்று இருந்தது. அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். எனக்குப் பேராசை.

“மாப்ள, கட்டுறதோட நிறுத்திராதீங்க. ரிப்பேரையும் சேக்கச் சொல்லுங்க. கட்டி முடிச்சப்புறம் நாங்க ஈ ஓட்டுறதா?”

மாப்பிள்ளை போய் அதிகாரியிடம் சொன்னார். நல்ல யோசனை என்று அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தாராம். சட்டம் நிறைவேறிய அன்று தங்கை வீட்டில் இனிப்பு கொடுத்தார்கள். நான் வெட்கமில்லாமல் இரண்டாவதும் வாங்கித் தின்றேன்.

நான்கு மாதம் கழித்து எங்கள் தளத்து ஃபோர்மேன் கூப்பிட்டார். முதல் கப்பல் வந்துவிட்டதாம். நாங்கள் கட்ட வேண்டிய கப்பல் எப்படித் தானாக வரும்? ஓடிப்போய்ப் பார்த்தேன். பத்து மாடி வெள்ளைக் கப்பல் ஒன்று ஜம்மென்று நின்றது. எங்கோ கட்டி, எங்கெங்கோ இருபது வருடம் ஓடிய கப்பல். எனக்கு மூன்று நாள் வேலை. முன்பக்கத்தில் இரும்பு எழுத்துகளில் இருந்த பழைய பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டு, புதுப் பெயரை வெல்டு வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஃபோர்மேன் ஒரு படிவத்தை நீட்டினார். செப்பனிட்டதற்கான சான்றிதழ். வேலை செய்த வெல்டர் கையெழுத்துப் போட வேண்டும். பெயர் மாற்றினால் இது எப்படி நம் கப்பல் ஆகும் என்று கேட்டேன். அவர் சட்டத்தை எடுத்து அந்த வரியை வாசித்துக் காட்டினார். ‘உள்நாட்டில் கட்டப்பட்ட அல்லது செப்பனிடப்பட்ட கப்பல்.’

அங்கிருந்தே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

“நீங்க சொன்னதத்தான் மச்சான் நானும் சொன்னேன். ரிப்பேரையும்னுதான் சொன்னேன். அவங்க ‘அல்லது’ன்னு எழுதிக் குடுத்தாங்க, நான் அடிச்சேன்” என்றார். அதோடு, முதல் பயணத்துக்கு அலுவலகத்தில் இலவச டிக்கெட் தருகிறார்கள், தங்கையையும் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார்.

நான் மாட்டேன் என்றால் பக்கத்தில் நின்ற இன்னொரு வெல்டர் போடுவான். அவனுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

ஃபோர்மேன் என்னைத் தேற்றப் பார்த்தார்.

“மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதப்பா. இன்னும் ரெண்டு கப்பல் வாங்கியிருக்காங்களாம். உனக்கு இன்னும் ஆறு நாள் வேலை இருக்கு.”