கிரைண்டர் மேல் விழுந்த பழி

முனிகிருஷ்ணனுக்கும் அவன் அக்கா ஜானகிக்கும் நடுவில் நாலரை அங்குலச் சுவர் ஒன்று இருந்தது. ஸ்ரீராம்புரத்தில் அப்பா விட்டுப்போன வீட்டை இரண்டாகப் பிரித்தபோது எழுப்பியது. சண்டையே இல்லாமல் கட்டிய சுவர் என்று இருவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. கரண்ட் மீட்டர் மட்டும் ஒன்றே. அந்தப் பக்கம் ஒயர் போவதற்காக மேலே ஒரு செங்கல் அளவுக்கு விட்ட ஓட்டையை இருபது வருஷமாக யாரும் அடைக்கவில்லை. ஒயர் போனது போக மிச்ச இடத்தில் குழம்பு வாசனையும் ஊர்வம்பும் தாராளமாகப் போய்வந்தன.

இந்த ஒரு மாதமாக அதில் ஒயர் மட்டும்தான் போனது.

காரணம் கம்ப்யூட்டர். தெருவைப் பார்த்த முன்னறையில் முனி ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருந்தான். ரேஷன் கார்டு, லைசென்ஸ், பரீட்சை விண்ணப்பம் என்று அந்தத் தெருவின் வாழ்க்கை மொத்தமும் பன்னிரண்டு வயசான அந்த டெஸ்க்டாப் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போய்ச் சேரும். பெயர், பின்கோடு எல்லாம் நிரப்பி, போட்டோ ஏற்றி, கடைசிப் பொத்தானை அமுக்கப் போகும்போது திரை பொட்டென்று கறுக்கும். பிறகு தானே எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல நல்வரவு சொல்லும்.

முதல் தடவை அப்படி ஆனது ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்கு. சரியாக அந்த நொடியில் சுவருக்கு அப்பால் ஜானகியின் கிரைண்டர் 'கர்' என்று கிளம்பியது. அவள் இட்லி மாவு ஆட்டி நாலு தெருவுக்கு விற்கிறவள். மறுநாளும் அதே ஐந்து மணி, அதே 'கர்'. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பை முக்கால்வாசி படித்த மூளை முனியுடையது. அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள், கடையில் ஆள் இருக்கும்போதே ஓட்டையைப் பார்த்துக் கத்திவிட்டான்.

"உங்க மாவுக்காக நான் கடைய மூடிட்டுப் போவட்டுமா?"

மாவைச் சொன்னதுகூடப் பரவாயில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து 'நீ' என்று பேசிய அக்காவை 'உங்க' என்றானே, அதுதான் உறைத்திருக்கும். ஜானகி அன்றிலிருந்து பேசவில்லை.

கம்ப்யூட்டர் அணைவது நிற்கவில்லை. ஐந்து மணிக்கு என்றில்லாமல், காலையில்கூட அணைய ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் முனி, 'கர்' கேட்டதா என்றுகூடக் காது கொடுக்காமல், மேஜை மேல் கிடந்த மர ஸ்கேலை எடுத்துச் சுவரை மூன்று தட்டுத் தட்டுவான். வாடிக்கையாளர் கேட்டால் "கிரைண்டர்" என்று ஒரே வார்த்தையில் விஞ்ஞானத்தை விளக்கிவிடுவான்.

இப்போது வியாழக்கிழமை கௌரி ஹப்பா என்கிற பண்டிகை. தாய்வீட்டிலிருந்து பெண்ணுக்குப் புடவையும் மஞ்சள் குங்குமமும் போக வேண்டிய நாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்தத் தாய்வீடு முனிதான். மற்றவர்களுக்குத் தாய்வீடு பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கும், ஜானகிக்கு எட்டடி. வருஷம் தவறாமல் அந்த எட்டடியைத் தாம்பாளத்தோடு நடந்தவனுக்கு இந்த வருஷம் கால் எழவில்லை. மனைவி மமதா வாங்கிவைத்த அரக்கு நிறப் புடவை பத்து நாளாகப் பிரிண்டர் மேல் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"போய்க் குடுத்துட்டு வர்றதுக்கு உனக்கு இன்னா?" என்றாள் மமதா.

"கிரைண்டர நிறுத்தட்டும், போறேன்."

"நிறுத்தலன்னா?"

"கொரியர்ல அனுப்பறேன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம், எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் நாகேஷ் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஐ.டி.ஐ.யில் கூடப் படித்தவன். மிச்சக் கால்வாசியையும் முடித்தவன்.

"எஸ்.எம்.பி.எஸ். மேல டவுட்டு குரு," என்றான். சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டரின் ஒவ்வொரு உறுப்புக்கும் அளந்து கொடுக்கிற இரும்புப் பெட்டி அது.

"பெட்டி எல்லாம் சரியாத்தான் இருக்கு. கிரைண்டர்தான்."

"வாய்ல சொன்னா ஆவாது. கிரைண்டர போடச் சொல்லு, பாத்துரலாம்."

"நீயே சொல்லேன்."

"ஒரு கையில மீட்டரு, ஒரு கையில டார்ச்சு. மூணாவது கை இருந்தா நான் ஏன் ரிப்பேர் வேல செய்றேன்? கோயில்ல குந்தியிருப்பேன்."

முனி ஸ்டூல் மேல் ஏறி ஓட்டைக்கு நேராக முகத்தை வைத்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு கூடப்பிறந்தவளிடம் பேசப்போகும் முதல் வார்த்தை. எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஹலோ."

அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"ராங் நம்பர்," என்றாள் ஜானகி.

நாகேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

"இல்ல, கிரைண்டர கொஞ்சம் போடணும். டெஸ்ட்டு."

"வெறுங்கல்ல ஓட்டுனா தேஞ்சிடும். வடைக்கு உளுந்து ஊறுது, அதப் போடறேன். எப்போன்னு சொல்லு."

"ஆன்," என்றான் முனி. 'கர்' என்றது. தலைக்கு மேலே பல்பு ஒரு கணம் மங்கியது. நாகேஷ் கையிலிருந்த மீட்டர் இருநூற்று இருபத்தெட்டு வோல்ட்டிலிருந்து இருநூற்றெட்டுக்கு இறங்கி ஏறியது. திரை கறுத்தது.

"பாத்தியா?" முனியின் குரலில் ஒரு மாத வெற்றி இருந்தது.

நாகேஷ் பழைய பெட்டியைக் கழற்றினான். இந்த மாதிரி நேரத்துக்கென்று பையில் வைத்திருக்கும் நல்ல பெட்டி ஒன்றை எடுத்து மாட்டினான். "இப்போ மறுபடி."

"அக்கா, நீ ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணு."

அக்காவும் நீயும் வாயிலிருந்து நழுவியதை அவன் கவனிக்கவில்லை. 'கர்'. பல்பு மங்கியது. மீட்டர் அதே இருநூற்றெட்டு. திரை அசையவில்லை. மறுபடி. அசையவில்லை. ஆறாவது தடவை ஜானகி கேட்டாள்: "உளுந்து வெண்ணெ மாதிரி ஆயிடுச்சு. இன்னும் எவ்ளோ டெஸ்ட்டு?"

நாகேஷ் பழைய பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தான். உள்ளே டப்பி போல நின்ற கெபாசிட்டரின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது.

"மோட்டார் எது கிளம்பினாலும் ஒரு நொடி கரண்ட் இறங்கும் குரு. எல்லா வூட்லயும் உள்ளதுதான். அந்த ஒரு நொடி இது தம் கட்டணும். இதுக்குத் தம் போயிடுச்சு. கிரைண்டர் பாவம், அது வேலைய அது செஞ்சுது."

"அப்போ காலைல பதினோரு மணிக்கு ஆஃப் ஆவுதே? அப்பவும் கிரைண்டர்தானே?"

"பதினோரு மணிக்கு நான் எங்கடா ஆட்டினேன்?" என்றது ஓட்டை. "மூணு வாரமா விடியக்கால நாலரைக்கே ஆட்டி முடிச்சிடறேன், நீ கடை தொறக்கறதுக்கு முன்னாடி. பதினோரு மணிக்குத்தான் கொஞ்சம் கண்ண மூடுவேன். அப்போ பாத்து நீ சுவத்த தட்டுவ."

"எதிர் வூட்டு வாசல்ல தண்ணி மோட்டார் இருக்கே, அந்த நேரத்துல அது ஓடியிருக்கும்," என்றான் நாகேஷ், யாரும் கேட்காமலே.

முனி ஸ்கேலைப் பார்த்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். சுவருக்கு அப்பால் இருப்பவளுக்கு அது எப்படியும் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"தட்டுனது கேட்டுதா?" என்றான்.

"இல்லடா, எங்கியோ கல்யாண மேளம்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"'உங்க'ன்னு சொன்னியே. யாரோ பெரிய மனுஷன் பேசறாருன்னு சும்மா இருந்துட்டேன்."

நாகேஷ் பையைக் கட்டுவதில் மிகவும் மும்முரமாக இருந்தான்.

வியாழக்கிழமை முனி தாம்பாளத்தோடு எட்டடி நடந்தான். மன்னிப்பை விண்ணப்பம் மாதிரியே தயார் செய்திருந்தான்: தவறு செய்தவர் பெயர், தவறின் விவரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. ஜானகி கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே மூன்று வார விடியற்காலை கறுப்பாக இருந்தது. நிரப்பி வைத்ததெல்லாம் கடைசிப் பொத்தானுக்கு முன்னால் பொட்டென்று அணைந்துபோனது.

"நாளையிலேர்ந்து சாயந்திரமே ஆட்டு அக்கா," என்று மட்டும் சொன்னான்.

"வேணாண்டா. விடியக்கால தண்ணி சில்லுனு இருக்கு, மாவு நல்லா பொங்குது. பழகிடுச்சு." புடவையைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். "உள்ள வா, நெய் ஊத்தி வெச்ச ஒப்பட்டு ஆறுது."

அவள் சொன்னதில் பாதி பொய் என்று அவனுக்குத் தெரியும். எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, லைசென்ஸ் விண்ணப்பத்துக்காக ஐரின் என்கிற நர்ஸ் கடைக்கு வந்தாள். வாய் திறக்கும் முன்பே முனி விரலை உதட்டில் வைத்தான்.

"மெல்லப் பேசுங்க மேடம். அக்கா தூங்குது."

எதிர் வீட்டு மோட்டார் கிளம்பியது. பல்பு மங்கியது. திரை அசையாமல் தம் கட்டி நின்றது. ஐரின் பயந்துபோய்க் கிசுகிசுத்தாள், முனியும் கிசுகிசுத்தான். பிறந்த தேதி, ரத்த வகை, பின்கோடு எல்லாம் களவாணிகள் பேசிக்கொள்வது போல ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"அப்பா பேரு?"

அவள் ஏதோ முணுமுணுத்தாள். அவன் காதைக் கொண்டுபோனான். அவள் திரும்பவும் முணுமுணுத்தாள்.

"சத்தமாவே பேசுங்கடா," என்றது ஓட்டை. "அந்தப் பொண்ணோட அப்பன் பேரு தெரியாம எனக்கு எங்க தூக்கம் வரும்?"