காற்று கொண்டுவந்த பிரிம்ரோஸ்

ஆப்பிள் மரத்து நிழலில் பிரிம்ரோஸ் பூக்க வேண்டுமென்று ஹெஸ்டருக்கு ஆசை. விதைத் தட்டை அடுப்புப் பக்கம் கதகதப்பாக வைத்து, ஆறு மாதம் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டாள். ஒரு முளைகூட எட்டிப் பார்க்கவில்லை. அக்டோபரில் கோபம் தலைக்கேறி, தட்டு மண்ணை அப்படியே வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டாள்.

இரண்டு குளிர்காலம் கழிந்து ஓர் ஏப்ரலில், பக்கத்து வீட்டு மாவிஸ் ஒரு தொட்டியோடு வந்தாள். தொட்டி நிறைய வெளிர்மஞ்சள் பூ.

"என் வேலியோரம் தானா வந்திருக்கு, ஹெஸ்டர்! பனியில கிடந்தாத்தான் இதுக்கு முளைக்கவே புத்தி வரும். அடுப்படியில வச்சுக் கொஞ்சிடாதே."

ஹெஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "காத்துல விதை வந்து விழுந்திருக்கும்."

"காத்துதான்," என்றாள் மாவிஸ். "என் தொப்பியிலகூட அரைப்படி மண்ணு விழுந்துச்சு."