மூன்றாவது பெட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று வாரமாக நடந்த கூத்தை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கிறவர்கள்கூடக் கடைசியில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் காதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதைப் பற்றி அவருக்கு இருக்கிற கர்வத்தை ஏற்ற ஒரு பஸ் போதாது.

வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் இடுப்பு உயர ஸ்பீக்கர் இரண்டும் உண்டு. சிடி பிளேயர் செத்துப்போனது. போனில் இருக்கிற பாட்டை ஒயர் இல்லாமல் இதில் கேட்க ஒரு பெட்டி வேண்டும் என்றார். வாங்கித் தொலையுங்கள் என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்போதுதான்.

முதல் பெட்டி சோப்பு டப்பா அளவு. ப்ளூடூத். பாட்டு வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

“இடது பக்கம் அமுங்கிக் கேக்குது.”

“எனக்கு நல்லாத்தானே கேக்குது?”

“உனக்குக் காலிங் பெல் அடிச்சாலே கேக்காது.”

கடைக்காரர் பொறுமைசாலி. ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்புவார்கள், வைஃபையில் சுருக்க வேண்டியதில்லை என்று விளக்கி, இரண்டாவது பெட்டியைக் கொடுத்தார். அது எங்கள் வைஃபையைத் தேடவே அரை நாள் எடுத்தது. பிறகு அப்டேட் கேட்டது. பிறகு எந்த அறையில் இருக்கிறேன் என்று எங்களையே கேட்டது. எல்லாம் முடிந்து பாட்டு வந்தால், இவருக்கு மறுபடியும் இடது பக்கம் அமுங்கல்.

மூன்றாவதில் நல்ல ‘டாக்’ இருக்கிறதாம்.

“அப்படின்னா என்னங்க?”

“நம்பரைச் சத்தமா மாத்தறது.”

“பாட்டுல நம்பர் எங்கேருந்து வந்துச்சு?”

அவர் அட்டையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை எனக்கு. மூன்றாவதும் அவருக்குச் சரிப்படவில்லை. கடைக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

“சார், ரெண்டு ஸ்பீக்கரையும் ஒயரைக் கழட்டாம இடம் மாத்தி வெச்சுப் பாத்தீங்களா? பெட்டியோ ஸ்பீக்கரோ, கோளாறு எதுல இருந்தாலும் அந்த அமுங்கல் வலது பக்கம் போயிடும்.”

“பாத்தாச்சு, பாத்தாச்சு.”

பார்க்கவில்லை. ஸ்பீக்கரின் காலைச் சுற்றி நான் துடைக்காமல் விட்ட தூசி அப்படியே வட்டம் கலையாமல் இருந்தது. எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஒரு பாகத்தின் மேல் சந்தேகம் வந்தால் அதைக் கழற்றி நல்ல வண்டியில் மாட்டிப் பார்ப்பதுதான் இவர் தொழிலில் முதல் பாடம். மிக்ஸி நின்றால்கூட முதலில் வேறு பிளக்கில் சொருகிப் பார்க்கிற மனுஷன். இதை மட்டும் ஏன் செய்யவில்லை? எதற்குப் பொய்?

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் இரண்டு ஸ்பீக்கரையும் ஒயரோடு போர்வைமேல் ஏற்றி இழுத்தேன். இடது வலதுக்குப் போனது, வலது இடதுக்கு வந்தது. உட்கார்ந்து கேட்டேன். எழுந்து நின்று கேட்டேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

சாயங்காலம் அவர் வந்து கை கழுவியதும் பாட்டைப் போட்டேன். வலது பக்கம் என்று சொல்லிவிட வேண்டுமே என்று மனசுக்குள் கெஞ்சினேன். கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார்.

“அதே கதைதான். இடது பக்கம் அமுங்கியே கெடக்கு. நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடலாம்.”

“ஏங்க, ரெண்டு ஸ்பீக்கரையும் நான் இடம் மாத்தி வெச்சிருக்கேன்.”

அவர் தரையைப் பார்த்தார்.

“நீயா தூக்கினே? இடுப்பு என்னத்துக்கு ஆகும்?”

“இழுத்தேன். நீங்க ஏன் மாத்திப் பாக்கலே?”

“மாத்தினா தெரிஞ்சிடுமே.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன்.

“சிடி பிளேயர் ஓடினப்பவே. பணிமனையில யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பெட்டியையும் கெட்ட பெட்டின்னு நெனச்சுக்கிட்டா அடுத்த பெட்டி வர்ற வரைக்கும் தூக்கம் வந்துச்சு.”

“திங்கக்கிழமை காது டாக்டர்கிட்ட போறோம்.”

தலையை ஆட்டினார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

“உனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேக்குதா?”

“கேக்குது.”

“நெஜமா?”

“நெஜமாத்தாங்க.”

“அப்போ நல்ல பெட்டிதான்” என்றார். “திருப்பிக் கொடுக்க வேண்டாம்.”